சம நேரமும் ஒன்று பத்து பஸ்ஸும்

ஒரு பட்டிமன்றத்தின் தீர்ப்பை, அது நடப்பதற்கு இரண்டு நாள் முன்பாகவே, கடலூரில் ஏறிய பேருந்தில் உட்கார்ந்து எழுதி முடித்தவன் நான். குண்டு குழிகளில் பேனா துள்ளியதே தவிர, அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

சிங்கப்பூரில் இருபது வருடமாக நடுவர் நாற்காலியில் உட்காருகிறேன். அங்கே என் பெயர் ‘ரெண்டும் சார்’. கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்றால் இரண்டும் வேண்டும் என்பேன். இட்லியா தோசையா என்றால் மாவுதான் என்பேன். இரு தரப்பும் கைதட்டும், எனக்கும் இரு தரப்பு வீட்டிலிருந்தும் பிரியாணி வரும். நெய்வேலியில் இருக்கும் என் சகலை இளங்கோ, ‘வாசகர் வட்டம் சார்பாகப் பட்டிமன்றம் வைக்கிறோம், உயிர்கள் திட்டமிட்டுப் படைக்கப்பட்டவையா, தானாக உருமாறி வந்தவையா என்று தலைப்பு, நீங்கள்தான் நடுவர்’ என்று போனில் சொன்ன மறு நிமிடமே எனக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. ‘படைப்பும் பரிணாமமும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.’

பக்கத்து இருக்கையில் லுங்கிக் கட்டு ஒன்றை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் வீட்டம்மாள்.

“இன்னா சார், பரீட்ச பேப்பரு திருத்திகினு வரீங்களா?”

“இல்லம்மா. தீர்ப்பு எழுதறேன்.”

“ஜட்ஜய்யாங்களா!” கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தாராளமாக இடம் விட்டார். “இன்னா கேசுங்க?”

“உலகத்துல உயிரெல்லாம் எப்படி வந்துச்சுங்கற கேசு.”

“அடேயப்பா. யாரு ஜெயிச்சது?”

“இன்னும் நடக்கல. ஞாயித்துக்கிழமைதான்.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் அடுக்கு மாடிகளைப் படுக்க வைத்து, நடுவில் மாமரமும் பலாமரமும் நட்டால் இந்த ஊர் கிடைக்கும். எல்லாம் பிளாக், எல்லாவற்றுக்கும் எண், எல்லா வீட்டுக்கும் அதே வாசல், அதே கம்பி ஜன்னல். ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட எண் சரியாகத்தான் இருந்தது. கொழுந்தியாள் தன் மகளின் பிரசவத்துக்குச் சிதம்பரம் போயிருக்கிறாள், பக்கத்து வீட்டம்மா சாப்பாடு போடுவார் என்று சகலை சொல்லியிருந்தார். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே போய், மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்தேன். ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். ஒரு கணம் விழித்தார். உடனே சிரித்து, “வாங்கோ வாங்கோ, கை கழுவுங்க” என்றார்.

அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், ஓரத்தில் தயிர், பொரித்த அப்பளம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “சகல எப்ப வருவாரு?” என்று கேட்டேன்.

“எந்தச் சகலைங்க?”

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். உயரமான மனிதர், பனியனில் எண்ணெய்க் கறை. என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரிடம் தாழ்ந்த குரலில், “உங்க வழியில யாரோன்னு நெனச்சனுங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு கேக்கல” என்றார்.

பிளாக் மாறி வந்திருந்தேன். அது மட்டுமென்றால் போகட்டும். அவர் பெயர் சென்னியப்பன், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் பெரிய இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருட சர்வீஸ், ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ‘திட்டமிட்டுப் படைக்கப்பட்டவையே’ அணியின் ஒரே பேச்சாளர்.

“நடுவருங்களா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட, எங்க ஊட்டு உப்பத் தின்னுட்டீங்களே. இனி எதிர்த்தரப்பு சும்மா விடாதுங்களே.”

அப்படியென்றால் எதிர்த்தரப்பு வீட்டிலும் சாப்பிட்டால்தான் தராசு நேராகும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். நீதிக்காக நான் செய்யத் துணிந்த ஒரே தியாகம் அது.

சனிக்கிழமை காலை சென்னியப்பன் என்னைச் சுரங்கம் பார்க்கும் மேடைக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் ஏதோ தமாஷ் சொல்லிக்கொண்டே போன நான், கம்பி வேலி அருகே போனதும் வாயை மூடினேன்.

பள்ளம் என்று சொன்னால் பொய். பூமியின் தோலை உரித்துப் படிப்படியாக மடித்து வைத்திருந்தார்கள். மேலே செம்மண், அதன் கீழ் வெள்ளையும் மஞ்சளும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைதான் நிலக்கரி. நடுவில் ஒரு பெரும் சக்கரம், விளிம்பெல்லாம் வாளிகள், அவசரமே இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வாளியும் ஒரு வாய் மண் கடித்து மேலே கொண்டுபோய்த் துப்பியது. சக்கரத்தைத் தாங்கிய இயந்திரம் எங்கள் அடுக்குமாடி உயரம். அது நகர்ந்தது. கட்டிடம் நடப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதன் காலடியில் இரண்டு புள்ளிகள் அசைந்தன. மனிதர்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“அந்த வீலைக் கழட்டி மாட்டுன கை இது,” என்றார் சென்னியப்பன். பெருமையாகச் சொல்லவில்லை, கோயிலில் பேசுவது போலச் சொன்னார். “ஒரு போல்ட்டு தப்பா இருந்தா நின்னுக்குமுங்க. இதோட வரைபடத்த வெக்கறதுக்கே தனி ரூம் வேணும். இப்ப உங்க காலுகிட்ட ஒரு கட்டெறும்பு போகுது பாருங்க. இந்த மெஷினை விட ஆயிரம் மடங்கு நுணுக்கம். அதுக்கு மட்டும் வரைபடம் இல்லைன்னு சொன்னா என் மனசு எப்படிங்க ஒத்துக்கும்?”

நான் எறும்பைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது அவர் வேறொன்றும் சொன்னார். மூன்று வருடம் முன்பு ஒரு பெரிய நகரத்தில் இதே தலைப்பில் பேசக் கூப்பிட்டார்களாம். “எதிர்த்துப் பேசுனவர ‘அறிவியல் அறிஞர்’னு அறிமுகம் பண்ணுனாங்க. என்னைய ‘பக்தர்’னாங்க. முப்பது வருஷம் எஞ்சினைக் கட்டி மேய்ச்சவனுங்க நான். கூட்டம் சிரிச்சுப் போட்டது. வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே தோத்துட்டனுங்க.” சாலையைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். “தோக்கறதுல வருத்தம் இல்லீங்க. கேட்டுட்டுத் தோக்கடிச்சிருக்கலாம்.”

மதியம் எதிர்த்தரப்பு. பெயர் வசந்தி. நகரியத்துக்கு வெளியே, பேருந்தை விட்டு இறங்கி முந்திரித் தோப்பு ஓரமாகப் பத்து நிமிட நடை. விலங்கியல் பட்டதாரி, சுரங்க கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை, பெரும்பாலும் செகண்ட் ஷிப்ட், அன்று மட்டும் ஓய்வு. சாப்பிடத்தான் வந்தேன் என்று நான் நேராகவே சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அவரு வூட்டுல இன்னா போட்டாங்க?”

“அரிசிம்பருப்பு.”

“அப்ப நான் நெத்திலிக் கருவாடு. ஜெயிச்சிட்டேன் போங்க.”

கூடவே பச்சை முந்திரிப்பருப்பு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. அங்கேயே தீர்ப்பு வழங்கியிருந்தால் நான் ஒருதலைப்பட்சமாகத்தான் வழங்கியிருப்பேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் மூலையிலிருந்து ஒரு பெயின்ட் பக்கெட்டை இழுத்து வந்தார். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு கட்டை. நூலகத்தில் காட்சிக்கு வைக்கலாமா என்று அதிகாரிக்கு எழுதிக் கேட்டு முறையாக வாங்கிய நிலக்கரித் துண்டு. ஈரத்தோடு கையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். வெட்டிய முகத்தில் வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, சில நெருக்கமாக, சில அகலமாக. என் விரல் நகம் அந்த வரிகளில் இடறியது. ஓரத்தில் பட்டை கூட இருந்தது.

“மரம் சார். கோடி வருஷத்துக்கு மேல ஆவுது. இந்த வருஷம் நல்ல மழ, பாருங்க அகலமா கீது. இங்க காஞ்சி கெடந்துருக்கு.”

மனிதனே இல்லாத ஒரு வருடத்தின் மழையை என் விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் இரண்டு முறை நான் பேசாமல் இருந்தது என் மனைவிக்குத் தெரிந்தால் நம்பமாட்டாள்.

“தண்ணியிலயே வெச்சிருக்கணும். காஞ்சா வெடிச்சிப் பொடியாயிடும். மொத துண்டு அப்பிடித்தான் போச்சி,” என்று அவர் அதைக் குழந்தையைப் போல மறுபடி பக்கெட்டுக்குள் இறக்கினார்.

பிறகுதான் கேட்டார். “சார், ஒன்னே ஒன்னு. நாளைக்கி என்னை மொதல்ல பேச வுடுங்க.”

காரணமும் சொன்னார். மண்டபத்து வாசலில் ஒன்று பத்துக்குச் செகண்ட் ஷிப்ட் பஸ். அதை விட்டால் கேட்டுக்குள் போக முடியாது. கான்ட்ராக்ட் ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. “நான் மட்டும் போவல. நாலு மணிக்கு என்கிட்ட டீ வாங்கிக் குடிக்கற அவ்ளோ பேரும் அதே பஸ்ஸு. அப்பறம் கைதட்ட யாரு கீறாங்க? ரெண்டு வருஷமா ஒரு தடவகூட முழுசாப் பேசி முடிக்கல.”

நான் பையிலிருந்து என் கடிகாரத்தை எடுத்து வைத்தேன். பேச ஆரம்பித்தால் பச்சை விளக்கு, முடியும் தறுவாயில் மஞ்சள், நேரம் முடிந்தால் சிவப்பு. சிங்கப்பூரில் வாங்கியது. “பயப்படாதீங்கம்மா. ரெண்டு பேருக்கும் அரை மணி. ஒரு விநாடி கூடக் கூடுதல் குறைச்சல் கிடையாது. அழைப்பிதழ்ல அவர் பேர்தான் முதல்ல அச்சாகியிருக்கு, தலைப்பை முன்மொழியறவர் முதல்ல பேசறதுதான் மரபு. பஸ் நடுவர் கட்டுப்பாட்டுல இல்ல பாருங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவர் கொடுத்த பலாச்சுளையையும் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அவர் சண்டை போடவில்லை. விளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “அவரு ஒரு நிமிஷத்துல பத்து கேள்வி கேப்பாரு சார். கண்ணு எப்புடி வந்துச்சி, றெக்க எப்புடி வந்துச்சின்னு. ஒவ்வொன்னுக்கும் பதில் சொல்ல எனக்கு கால் மணி நேரம் ஆவும். நேரம் சமம்தான். வேல சமமா?”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, பொன்னாடை. மே மாத வெயிலில் எனக்கு மட்டும் ஏழு பொன்னாடை போர்த்தினார்கள். ஏழையும் ஆசையோடு வாங்கிக்கொண்டேன். சென்னியப்பன் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் சீருடையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு.

அவர் அறிமுகம் மட்டும் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ‘முப்பதாண்டுப் பொறியியல் அனுபவசாலி’ என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பேச்சு அருவி. கண், இறக்கை, ரத்தம் உறைவது, தேன்கூடு, பல்லியின் வால். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். வசந்தி கேன்டீன் டோக்கன்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே இருந்தார், டோக்கன் தீர்ந்துபோயிற்று. சிவப்பு விளக்கு எரிந்ததும் சென்னியப்பன் சொல்லின் பாதியிலேயே நிறுத்தினார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம்.

வசந்தி பக்கெட்டோடு மேடையேறினார்.

“எங்க கேன்டீன் சாம்பாரு நல்லா கீதா இல்லியா?”

“சூப்பரு!” என்றது சீருடைக் கூட்டம்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி?”

“த்தூ!”

“யாராவது உக்காந்து திட்டம் போட்டு மாத்துனாங்களா? இல்ல. தெனமும் கொஞ்சம் முன்ன பின்ன ஆவும். புடிக்கலன்னா தட்டு மிச்சத்தோட திரும்பி வரும். அன்னிக்கிப் பக்குவம் அதோட செத்துச்சி. தட்டு காலியா வந்தா மறுநாளும் அதே. ஆறு வருஷம் சார். இன்னிக்கி இந்தச் சாம்பார யாரும் வடிவமைக்கல. திரும்பி வந்த தட்டுதான் பண்ணுச்சி.”

மண்டபம் குலுங்கியது. சென்னியப்பன் கையை உயர்த்தினார். மரபுப்படி இடைமறிக்கக்கூடாது, ஆனால் அவருக்குத் தாங்கவில்லை. “சமையக்காரர்னு ஒருத்தர் இருக்காரே அம்மிணி! அவருக்கு மூளை இருக்குதுங்களே!”

இன்னும் பெரிய கைதட்டல். வசந்தியின் முகம் மலர்ந்தது, அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல. “அதுக்குத்தான் வரேன்...” என்றார்.

வாசலில் ஹாரன்.

மண்டபத்தில் பாதி எழுந்தது. நாற்காலிகள் கீச்சிட்டன, சாப்பாட்டுப் பைகள் தோளேறின. யாரும் மரியாதைக் குறைவாகப் போகவில்லை, சிலர் மேடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டே போனார்கள். வசந்தி மைக்கையும் பிடித்துக்கொண்டு, வாசலையும் பார்த்துக்கொண்டு நின்றார். என் மேசையில் அந்தக் கடிகாரம் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. சிங்கப்பூர்த் துல்லியம்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பொன்னாடையைச் சரிசெய்தேன்.

எழுந்தவர் சென்னியப்பன்தான். “நடுவரே, அவங்க நேரம் இன்னும் முடியலீங்க. என்ற மறுப்புரை அஞ்சு நிமிசத்தையும் சேத்துக்கங்க. மைன்ஸ் கேட்டுக்கு இருபது நிமிசம் ஆகும். வாங்க போலாம்.” கடிகாரத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் கூட்டி, கையோடு எடுத்துக்கொண்டேன். பக்கெட்டின் பிடியில் ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன்.

பஸ் படியில் ஓட்டுநர் மறித்தார். “நீங்க யாரு? பாஸ் எங்க?”

“நடுவர்,” என்றேன்.

“எதுக்கு நடுவுல?”

“எங்கூட வராருப்பா, கேட்டு வரைக்கும்தான்,” என்றார் சென்னியப்பன். வண்டி கிளம்பியது.

அந்த இருபது நிமிடம் போல ஒரு சபையை நான் கண்டதில்லை. வசந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி நின்றார். “மூள கீதுன்னு சொன்னாரில்ல? எங்க சமையக்காரு மணி அண்ணன் தோ உக்காந்துருக்காரு. அண்ணே, உனக்கு மூக்கு வேல செய்யாம எத்தினி வருஷம் ஆச்சி?”

“ஏழு,” என்றார் மணி அண்ணன். “என்னை ஏன் இழுக்கற?”

“மோப்பமும் தெரியாது, ருசியும் தெரியாது. ஒருநாள் புளி ஜாஸ்தி, ஒருநாள் பருப்பு கம்மி. எல்லாம் கைத்தப்பு. நல்லதாக்கணும்னு அவரு ஒன்னும் பண்ணல. தப்பு அவருது, பொறுக்கினது தட்டு.”

பஸ்ஸே சிரித்தது. மணி அண்ணனும் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் நிதானமாகக் கேட்டார். “சரீங்க அம்மிணி. அடுப்பு? மொத மொதல்ல அடுப்பப் பத்த வெச்சது யாரு?”

வசந்தி கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு வளைவில் திரும்பியது.

“தெரியாது சார். மொத உயிரு எப்புடி வந்துச்சின்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது, தேடிகினுதான் கீறாங்க. இத்த நின்னு பொறுமையாச் சொல்றதுக்குத்தான் எனக்கு நேரமே கெடைக்கறதில்ல. மேடையில ‘தெரியாது’ன்னா தோத்துட்டான்னு கைதட்டிருவாங்க.”

யாரும் கைதட்டவில்லை. அவர் பக்கெட்டில் கை விட்டுக் கட்டையை எடுத்து முன் இருக்கைக்காரரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. தினமும் டன் கணக்கில் இந்தக் கரி ஓடும் பெல்ட் அருகே நிற்கிற மனிதர்கள் அவர்கள். ஒருவர் கட்டை விரலால் வளையங்களைத் தடவினார். “டேய், இது மரம்டா,” என்றார் பக்கத்து ஆளிடம். “பதினோரு வருஷமா தெனம் பாக்கறேன். ஒருநாளும் பாத்ததில்ல.” சென்னியப்பன் கைக்கு வந்தபோது அவர் அதைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். முந்தின நாள் எனக்கு எறும்பைக் காட்டிய அதே முகம்.

சிவப்பு விளக்கு எரிந்தபோது சுரங்க கேட் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தன் பேச்சை முடித்திருந்தார் வசந்தி. “பக்கெட்ட உள்ள எடுத்தாரக்கூடாது. நீங்க வெச்சிருங்க சார், நாளைக்கி வாங்கிக்கறேன்,” என்று ஓடினார். பக்கெட்டுத் தண்ணீரில் முக்கால்வாசி என் வேட்டியில் இருந்தது.

திரும்பும் வழியில் சென்னியப்பனைக் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. “வாயத் தொறக்காமயே தோத்தவனுங்க நான்,” என்றார். “எனக்குத் தெரியாதுங்களா?”

மண்டபத்தில் மிச்சமிருந்த கூட்டம் தீர்ப்புக்காகப் போண்டா தின்றுகொண்டே காத்திருந்தது. நான் சட்டைப்பையிலிருந்து கடலூர் பஸ்ஸில் எழுதிய தாளை எடுத்து, எப்போது எழுதியது என்பதையும் சொல்லி, முழுதாகப் படித்துக் காட்டினேன். இரு சக்கரம் வந்த இடத்தில் சிலர் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பிறகு சொன்னேன்: “இதுதான் நான் கொண்டுவந்த தீர்ப்பு. இதை வாபஸ் வாங்குகிறேன். என் சொந்தக் கருத்தைக் கேட்டால் வசந்தி சொன்ன பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது என் தீர்ப்பாலோ உங்கள் கைதட்டலாலோ உண்மையாவதில்லை. இங்கே இருப்பவர்கள் அவர் பேச்சில் பாதியைக் கேட்கவேயில்லை. அதற்குக் காரணம் பஸ் இல்லை. வரிசையை மாற்றமாட்டேன் என்று சொன்ன நான்.”

“அப்ப யாருக்குத்தான் சார் கப்பு?” என்றது பின்வரிசை. சகலை தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த மனிதரை இனி எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று அவர் நினைத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் சகலை வீட்டில் (இம்முறை சரியான வீடு) கட்டையைப் பக்கெட்டிலிருந்து எடுத்து, செய்தித்தாள் விரித்து, மேசை நடுவில் கொலுப்பொம்மை போல நிறுத்தினேன். மின்விசிறிக் காற்றில் ஈரம் உலர உலர வளையங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. சகலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதைப் பார்த்தபடியே வசந்திக்கு வாட்ஸப்பில் ஒரு நீண்ட செய்தி எழுதினேன். சம நேரம் என்பது சம நியாயம் ஆகாது என்று புரிந்ததை, அடுத்த வருடம் அவரே முதலில் பேசுவார் என்று வாசகர் வட்டத்திடம் எழுதி வாங்கியதை, அந்த மரத்தின் மழை வருடங்களை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன் என்பதை, எல்லாவற்றையும் எழுதினேன். நான்கு பத்தி வந்தது. கடைசியில், இன்று நடந்தது நியாயமான விவாதம்தானா, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டு அனுப்பினேன்.

நாலு மணி டீ வேலை முடிந்து அவர் பார்த்திருப்பார் போல. உடனே பதில் வந்தது:

“கட்ட தண்ணியிலதான கீது?”